ஓசை கம்பியில், கட்டளை காற்றில்

மின்கிதார் வாசிப்பவரின் கைகளுக்குப் பாட்டு முடியும்வரை ஓய்வில்லை. இடது கை தந்தியை அழுத்தி வளைக்கிறது, வலது கை மீட்டுகிறது. பல்லவியில் தெளிவாக ஒலித்த கிதார் இடையிசையில் உறும வேண்டும், சரணத்தில் எதிரொலியோடு நீள வேண்டும் என்றால் அந்த மாற்றத்தைச் செய்யக் கால்தான் மிச்சம். தரையில் பெடல்கள் வந்தது அதனால்தான். ஜப்பானின் பாஸ் நிறுவனம் 1977இல் ஓ.டி.1 என்ற கையடக்க மஞ்சள் பெட்டியைக் கொண்டுவந்த பிறகு, ஒவ்வோர் ஒலிமாற்றத்துக்கும் ஒரு பெட்டி என்று மேடைத்தரை நிறைந்துபோனது. பின்னர் அத்தனை ஒலிகளும் ஒரே டிஜிட்டல் கருவிக்குள் அடங்கின. எந்த ஒலி இப்போது வேண்டும் என்று அந்தக் கருவிக்குச் சொல்வது மட்டுமே காலின் வேலையாயிற்று. அதைக் கம்பியில்லாமல் சொல்லும் புட் ஸ்விட்சுகள் இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை மீட்டர் எட்டும் என்று. மேடையில் அந்தப் பெட்டி உழைக்குமா கைவிடுமா என்பதைத் தூரம் தீர்மானிப்பதில்லை. கிதாரோடு சேர்ந்த கம்பிகளில் எதை அறுக்கிறோம், அறுத்தபின் அந்தப் பெட்டிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

இதைச் சோதித்துப் பார்க்கச் சென்னையின் குளிரூட்டப்பட்ட அரங்கைவிட எளாவூர் பொருத்தமான இடம். கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால், கொல்கத்தா நெடுஞ்சாலையின் சோதனைச்சாவடியால் பெயர் தெரிந்த ஊர் அது. ஊரை ஒட்டிச் சென்னை–கூடூர் ரயில்பாதை போகிறது. அதன் மேல்கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்சாரம். தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்கும் தூண்டல் உலைகளும் உருட்டாலைகளும் இருக்கின்றன. தூண்டல் உலை, மின்வாரியம் தரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, பிறகு தனக்கு வேண்டிய உயர் அதிர்வெண்ணுக்கு மாற்றிக்கொள்கிறது. அப்படி மாற்றும்போது அது மின்னோட்டத்தைச் சீரான அலையாக இழுப்பதில்லை. துண்டு துண்டாக இழுக்கிறது. அதன் விளைவாக 50இன் மடங்குகளான 250, 350 ஹெர்ட்ஸ் துணை அலைகள் மின்பாதையில் கலக்கின்றன. கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஆக, ஆலைகள் வழக்கமாகக் கக்கும் மின்மாசு கிதாரின் குரல் எல்லைக்குள்ளேயே வந்து விழுகிறது. இத்தகைய தொழிற்பகுதியில் ஆடித் திருவிழாவுக்கோ, தேவாலய ஆண்டுவிழாவுக்கோ, கல்யாண வரவேற்புக்கோ மேடை போட்டால், அதற்கான கரண்ட் பக்கத்துக் கம்பத்திலிருந்தோ டீசல் ஜெனரேட்டரிலிருந்தோ வரும். எர்த் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்பதைப் பந்தலுக்குப் பந்தல் புதிதாகத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வழக்கமான அமைப்பில் வாசிப்பவரின் காலடியில் மூன்று கம்பிகள் வந்து சேர்கின்றன. முதலாவது கிதாரிலிருந்து வரும் ஓசைக் கம்பி. தந்தியின் அதிர்வு பிக்கப்பின் காந்தப்புலத்தைக் கலைக்க, சுருளில் எழும் சில நூறு மில்லி வோல்ட் மின்னழுத்தம்தான் அதில் போகிறது. இரண்டாவது, காலிலிருந்து மேடையின் பின்புறக் கருவிக்குப் போகும் கட்டளைக் கம்பி. மூன்றாவது, கால்பெட்டிக்கு மின்சாரம் தரும் அடாப்டர் கம்பி. இவற்றில் இரண்டோ அதற்கு மேற்பட்டவையோ ஒரே கருவியின் எர்த்தோடு வெவ்வேறு வழிகளில் இணைந்தால், அவை சேர்ந்து ஒரு மூடிய வளையம் ஆகிவிடுகின்றன. சுற்றியிருக்கும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலம் அந்த வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்ட, அதுவே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற ஹம் ஆகக் கேட்கிறது. இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்புவதற்கான மிடி தரத்தை 1983இல் வகுத்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. அனுப்பும் கருவியையும் வாங்கும் கருவியையும் மின்னால் இணைக்காமல், நடுவே ஒளியால் இணைக்கும் சில்லு ஒன்றைக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் சாதாரண புட் ஸ்விட்சின் ஜாக் கம்பியில் அந்தக் காப்பு கிடையாது. கட்டளைக் கம்பியையும் அடாப்டர் கம்பியையும் ஒருசேர அறுத்துவிட்டால் கால்பெட்டி எந்த எர்த்தோடும் தொடர்பில்லாமல் தரையில் தனியே நிற்கும். வளையத்துக்கு அந்தப் பக்கம் வழியே இராது. இரண்டில் ஒன்றை மட்டும் அறுத்து, கம்பியற்ற கால்பெட்டிக்குச் சுவரிலிருந்து அடாப்டர் போடுகிறவர் காலடியில் மின்கம்பியையும் அதன் தொல்லையையும் அப்படியே வைத்துக்கொள்கிறார். கம்பியற்றது என்று காசு கொடுத்து வாங்கியதன் பயனில் பெரும்பகுதி அங்கேயே போய்விடுகிறது.

அப்படியானால் ஓசைக் கம்பியையும் சேர்த்து அறுத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். கிதாரின் ஓசையை நொடிக்கு 48,000 முறை அளந்து ஒவ்வோர் அளவையும் 24 பிட்டுகளாக எழுதினால் நொடிக்கு 11,52,000 பிட்டுகள் ஆகின்றன. புளூடூத்தின் குறைமின் வகை, 2010இல் வந்த அதன் முதல் வடிவில், நொடிக்கு 10 லட்சம் பிட்டுகளைத்தான் காற்றில் ஏற்றுகிறது. அதிலும் முகவரிக்கும் பிழைச் சோதனைக்கும் ஒரு பங்கு போய்விடும். மாறாக, மூன்றாம் ஒலிக்கு மாறு என்று சொல்லும் மிடி கட்டளை இரண்டே பைட்டு, அதாவது 16 பிட்டு. அளவில் இத்தனை வேறுபாடு இருந்தும், அதைவிட ஆழமான வேறுபாடு ஒன்று உண்டு. காற்றில் அனுப்பிய பொட்டலம் ஒன்று கெட்டுப்போனால் புளூடூத் அதைக் கண்டுபிடித்து அடுத்த வாய்ப்பில் மீண்டும் அனுப்புகிறது. கட்டளை என்றால் சில மில்லி நொடி தாமதத்தோடு முழுதாகப் போய்ச் சேர்ந்துவிடும். ஓசை அப்படிக் காத்திருக்க முடியாது. அந்த நொடியில் வராத ஓசை காதில் ஓட்டையாக விழுகிறது. இதற்காகவே கிதாருக்கென்று தனியாகக் கம்பியற்ற அமைப்புகள் செய்கிறார்கள். நல்லவை நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அவை கூடுதல் அலைவரிசையும் கூடுதல் மின்சாரமும் கேட்கின்றன, விலையும் அதிகம். இன்னொன்றும் உண்டு: ஆறு மீட்டர் கிதார் கம்பிக்குச் சுமார் 600 பிகோஃபாரட் மின்தேக்கம் உண்டு. அது பிக்கப் சுருளோடு சேர்ந்து உச்ச ஒலிகளைச் சற்று மழுக்கும். அந்த மழுங்கலையே கிதாரின் இயல்பான குரலாகக் கேட்டுப் பழகியவர்கள், கம்பியை எடுத்ததும் ஓசை கூர்மையாகிவிட்டதை உணர்கிறார்கள். ஓசையைக் கம்பியிலேயே விட்டுவிட்டுக் கட்டளையை மட்டும் காற்றில் அனுப்புவதே இன்றைய நிலையில் அறிவார்ந்த பங்கீடு.

ஆலைகள் சூழ்ந்த இடத்தில் ரேடியோவை நம்பலாமா என்பது நியாயமான கேள்வி. வெல்டிங்கும் பெரிய மோட்டார் இயக்கிகளும் மின்காந்த இரைச்சலை எழுப்புவது உண்மைதான். ஆனால் அந்த இரைச்சலின் வலிமை தாழ்ந்த அதிர்வெண்களில்தான் குவிந்திருக்கிறது. கிகாஹெர்ட்ஸ் எல்லைக்கு ஏறும்போது அது வெகுவாகத் தேய்ந்துவிடுகிறது. புளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸில். இரும்பு ஆலைகளின் உள்ளேயே, உலைக்கு அருகிலேயே, மேல்நிலைக் கிரேனைத் தரையில் நின்றபடி ரேடியோ ரிமோட்டால் இயக்குவது இன்று வழக்கமாகிவிட்டது. பல டன் எடையைத் தூக்கும் வேலைக்கே சிறு கட்டளைகளைக் காற்றில் அனுப்ப முடிகிறதென்றால், கிதாரின் ஒலியை மாற்றுவதற்கு முடியாமல் போகக் காரணமில்லை. இரண்டுக்கும் ஒரு வேறுபாடு மட்டும் இருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் கிரேன் உடனே நின்றுவிட வேண்டும்; கிதார் கருவியோ கடைசியாக இருந்த ஒலியிலேயே தொடர வேண்டும். வாங்குமுன் கடையிலேயே கால்பெட்டியை அணைத்து, கருவி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

ஆலையைவிடக் கூட்டம்தான் ரேடியோவுக்குப் பெரிய இடையூறு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 செ.மீ. மனித உடலில் பெரும்பங்கு நீர் என்பதால் அந்த அலையை உடல் நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. காலியான பந்தலில் முப்பது மீட்டர் எட்டிய தொடர்பு, ஆட்கள் நிறைந்ததும் சுருங்கிவிடும். அத்தனை பேரின் சட்டைப் பையிலும் இருக்கும் கைபேசிகள் வைஃபையும் புளூடூத்தும் பேசிக்கொண்டிருக்கும். இந்திய அரசு 2005இல் இந்த அலைவரிசையைப் பயன்படுத்த உரிமம் தேவையில்லை என்று அறிவித்ததால் வந்த வசதியும் நெரிசலும் இது. புளூடூத் இந்த நெரிசலுக்காகவே வடிவமைக்கப்பட்டது. குறைமின் வகைக்கு 40 தடங்கள் உண்டு; இணைப்பு ஏற்பட்டபின் அவற்றில் 37க்கு இடையே தாவிக்கொண்டே இருக்கிறது. கெட்ட தடம் எது என்று அறிந்து அதை ஒதுக்குகிறது. மீதி, வாசிப்பவர் செய்ய வேண்டியது. வாங்கும் கருவியை இரும்புப் பெட்டிக்குள்ளோ ஆம்பின் பின்னாலோ வைக்காமல், காலிலிருந்து பார்த்தால் தெரியும்படி இடுப்பு உயரத்தில் வைக்க வேண்டும். மேடையில் டிஜிட்டல் மிக்ஸருக்காக வைஃபை ரவுட்டர் வைத்திருந்தால் அதை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றச் சொல்லி மைக்செட்காரரிடம் கேட்க வேண்டும். இணைப்பைக் கூட்டம் சேருமுன் ஏற்படுத்திவிட வேண்டும். புளூடூத் முதல் அறிமுகத்துக்கு மூன்றே தடங்களைப் பயன்படுத்துகிறது. அறிமுகமான பிறகுதான் அதற்கு மற்றத் தடங்கள் திறக்கின்றன.

தாமதம் பற்றிய அச்சத்தை எண்களே தீர்த்துவிடும். குறைமின் புளூடூத்தில் இரு கருவிகளும் குறித்த இடைவெளியில் சந்தித்துப் பேசுகின்றன. மிகக் குறைந்த இடைவெளி நெடுங்காலம் 7.5 மில்லி நொடியாக இருந்தது. பல கருவிகள் 15 மில்லி நொடியில் இயங்குகின்றன. ஒலி காற்றில் ஒரு மில்லி நொடிக்கு 34 செ.மீ. போகிறது. ஐந்து மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரின் ஓசை காதை எட்ட அதே 15 மில்லி நொடி ஆகும். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டு அரை நொடி, அதன் காற்பங்கு 125 மில்லி நொடி. ஒலிமாற்றம் இரண்டு சுரங்களுக்கு இடையே நிகழ்வது என்பதால் இந்தத் தாமதம் செவிக்கு எட்டாது. வா பெடல், வால்யூம் பெடல் போன்றவற்றின் கதை வேறு. அங்கே கால் இடைவிடாமல் அசைகிறது. கட்டளையும் இடைவிடாமல் போக வேண்டும். 0 முதல் 127 வரையான படிகளில், 15 மில்லி நொடிக்கு ஒருமுறை அனுப்பினால் அசைவு வழுவழுப்பாக இல்லாமல் படிப்படியாகக் கேட்கக்கூடும், ரேடியோவுக்கும் உறங்க நேரம் கிடைக்காது. தந்தியை வளைத்துக் கமகம் வாசிக்கிறவர்களுக்கு, 1980களில் யு. ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினைக் கர்நாடக மேடையில் நிலைநிறுத்திய காலம் முதல், ஓசையின் அளவும் வளைவும் உயிர்நாடி. அவர்கள் வால்யூம் பெடலைக் கம்பியிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

அமைக்கும்போது பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று, கட்டளையின் இயல்பு. புட் ஸ்விட்சை இரண்டு விதமாக அமைக்கலாம். மிதித்தால் 'மாறு' என்று மட்டும் அனுப்புவது ஒன்று; 'மூன்றாம் ஒலிக்குப் போ' என்று இலக்கைச் சொல்லி அனுப்புவது மற்றொன்று. முதல் விதத்தில் கட்டளை ஒன்று தவறினால், அல்லது கால் நழுவி இரண்டு முறை மிதித்தால், அதன்பிறகு எல்லாமே தலைகீழாகிவிடும். உறும வேண்டிய இடத்தில் தெளிவும், தெளிவாக வேண்டிய இடத்தில் உறுமலும் வரும். இரண்டாம் விதத்தில் எத்தனை முறை மிதித்தாலும் முடிவு ஒன்றே. தவறியது என்று தெரிந்தால் மறுபடி மிதித்தால் போதும். ரேடியோ எப்போதாவது தடுக்கும் என்று ஒப்புக்கொண்டு, தடுக்கினாலும் பாட்டு கெடாதபடி அமைப்பதுதான் நல்ல பொறியியல். இதற்குச் செலவு எதுவும் இல்லை. கருவியோடு வரும் செயலியில் ஓர் அமைப்பை மாற்றுவது மட்டுமே.

இனி மின்சாரம். ரேடியோதான் பேட்டரியைத் தின்கிறது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. குறைமின் புளூடூத்துக்கென்றே செய்த சில்லுகள், உதாரணமாக நார்வேயின் நார்டிக் நிறுவனத்தின் என்.ஆர்.எஃப்.52 வகை, பேசும் நேரத்தில் சுமார் 5 மில்லி ஆம்பியர் இழுக்கின்றன. ஆனால் பேசுவது ஓரிரு மில்லி நொடிதான். மற்ற நேரமெல்லாம் மைக்ரோ ஆம்பியர் அளவில் உறங்குகின்றன. சராசரி ஒரு மில்லி ஆம்பியருக்குள் நின்றுவிடும். அதே பெட்டியில் எந்த ஒலி ஓடுகிறது என்று காட்டும் சிறு எல்.இ.டி. விளக்கு ஒன்று, இடைவிடாமல் எரிந்தால், 5 மில்லி ஆம்பியர் கேட்கும். நான்கு விளக்கு என்றால் 20. இரண்டு ஏ.ஏ.ஏ. ஆல்கலைன் செல்கள் சுமார் 1,000 மில்லி ஆம்பியர்-மணி தரும் என்று வைத்துக்கொண்டால், ரேடியோ மட்டும் என்றால் கணக்குப்படி ஆயிரம் மணிநேரம்; நான்கு விளக்கும் எரிந்தால் ஐம்பதுக்கும் குறைவு. பேட்டரியின் ஆயுளை முடிவு செய்வது விளக்கும், மிதிக்காத நேரத்தில் பெட்டி எவ்வளவு ஆழமாக உறங்குகிறது என்பதும்தான். பொறியியல் மாணவர்கள் சென்னை ரிச்சி தெருவில் இ.எஸ்.பி.32 பலகை வாங்கி இத்தகைய பெட்டியைத் தாங்களே செய்கிறார்கள். பாராட்ட வேண்டிய முயற்சி. அந்தச் சில்லின் ரேடியோ விழித்திருக்கும்போது இழுப்பது நூறு மில்லி ஆம்பியரைச் சுற்றி. உறங்கும் ஏற்பாட்டை நிரலில் எழுதாவிட்டால் ஆயிரம் மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு பகலோடு காலியாகிவிடும்.

பவர் பேங்கில் இணைத்துவிட்டால் கவலை இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பவர் பேங்க், கைபேசியை நிரப்புவதற்காகச் செய்தது. மின்னோட்டம் சில பத்து மில்லி ஆம்பியருக்குக் கீழே இறங்கினால் கைபேசி நிறைந்துவிட்டது என்று கருதிப் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். சிக்கனமான கால்பெட்டி அந்த எல்லைக்குக் கீழேதான் இயங்குகிறது. எனவே முதல் பாட்டின் நடுவிலேயே அணைந்துபோகும். குறைந்த மின்னோட்டத்துக்கென்று தனி நிலை உள்ள பவர் பேங்கைத் தேடி வாங்க வேண்டும், அல்லது செல் போடும் பெட்டியை வாங்க வேண்டும். பின்புற ஒலிக்கருவிக்கு, அது 200 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும் டிஜிட்டல் கருவியாக இருந்தால், சதுர 9 வோல்ட் பேட்டரி எதற்கும் உதவாது. அதன் கொள்ளளவே 500 மில்லி ஆம்பியர்-மணிதான். அந்தக் கருவிக்குச் சுவர் மின்சாரமே சரி. அங்கேயும் அடாப்டரைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய கனத்த டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர், உள்ளே அழுத்தத்தைச் சீராக்கும் சுற்று இல்லாவிட்டால், 230 வோல்ட் 180ஆகச் சரியும்போது 9 வோல்ட்டை 7ஆகத் தரும். டிஜிட்டல் கருவி அப்போது அணைந்து மறுபடி தொடங்கும், பாட்டு அதுவரை நிற்கும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் எஸ்.எம்.பி.எஸ். அடாப்டருக்கு இந்தச் சரிவும் தெரியாது, ஜெனரேட்டரின் வேகம் சற்றுக் கூடிக் குறைவதும் தெரியாது. பெரும்பாலான பெடல்களில் பிளக்கின் நடுமுனை எதிர்மறை என்பதையும் சரிபார்த்த பிறகே சொருக வேண்டும்.

பேட்டரி நடுவில் தீர்ந்துவிடும் என்ற ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முன்கூட்டியே அறியக்கூடிய குறை. ஆல்கலைன் செல்லின் அழுத்தம் 1.5 வோல்ட்டிலிருந்து மெல்லச் சரிகிறது. அதனால் பெட்டியின் பேட்டரி அளவுகாட்டி ஓரளவு நம்பத்தக்கது. மறுமுறை நிரப்பும் நிக்கல் செல் 1.2 வோல்ட்டில் வெகுநேரம் அசையாமல் நின்று, கடைசியில் சட்டென விழும். அளவுகாட்டி அதைப் பிடிக்காது. நிக்கல் செல் பயன்படுத்துகிறவர்கள் அளவுகாட்டியைப் பார்க்காமல், ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் நிரப்பிவிடுவதே வழி. லித்தியம் பேட்டரிக்கு வெயில்தான் பகை. பொதுவாக அதை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிரப்பக் கூடாது என்கிறார்கள். மே மாதத்தில் பூட்டிய வேனுக்குள்ளும் தகரக் கொட்டகையிலும் வெப்பம் அதைத் தாண்டுவது சாதாரணம். முன்னிரவே வீட்டில் நிரப்பிக்கொண்டு வருவது நல்லது. கம்பி மலிவு, எளிது, அதையே பயன்படுத்தலாமே என்பவர்களுக்கும் பதில் உண்டு: ஒரே தேவாலயத்தில், ஒரே இடத்தில், வாரந்தோறும் வாசிப்பவருக்குக் கம்பியே போதும்; பணத்தை மிச்சம் பிடிக்கலாம். ஊர் ஊராக மேடை மாறுகிற மெல்லிசைக் குழுக்காரருக்கோ, ஆட்கள் மிதித்து ஜாக் முறிவதும் ஒவ்வொரு பந்தலிலும் புது ஹம்மைத் தேடுவதும் வாடிக்கை. கம்பியற்ற பெட்டியின் விலை அவருக்குத் திரும்பிவிடும். அவரும் பையில் ஒரு சாதாரண ஜாக் புட் ஸ்விட்சைப் போட்டுவைக்க வேண்டும்.

ஓர் ஆட்சேபம் மட்டும் இந்த வாதத்தின் எல்லையைக் காட்டுகிறது. 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்ஸி நகர மேடையில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். கிதாரின் தந்திகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. தந்தியைப் பிடித்த கை ஒரு முனை, மைக்கைத் தொடும் உதடு மறுமுனை. கட்டளைக் கம்பியை அறுப்பதால் அந்தப் பாதை மறையாது. ஓசைக் கம்பி இருக்கும்வரை அது இருக்கும். ஓசையையும் காற்றில் அனுப்பினால் அந்தப் பாதை அறும் என்று வாதிடுபவர்கள் சொல்வது சரியே. ஆனால் கிதார்க்காரர் ஒருவரை மட்டும் அது காக்கும். பாடுகிறவர், கீபோர்டுக்காரர், ஈரத் தரையில் வெறுங்காலோடு மைக் ஸ்டாண்டை நகர்த்தும் பையன் ஆகியோரைக் காக்காது. அவர்கள் எல்லோரையும் காப்பது, மேடைக்கு வரும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சிறு விசையும் முறையான எர்த்தும்தான். விழாக் கமிட்டியாரும் மைக்செட்காரர்களும் அதை ஒவ்வொரு மேடைக்கும் கட்டாயமாக்க வேண்டும். கிதார் வாசிப்பவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும், கம்பியற்ற பெடல் வாங்குவதற்கு முன்பாகவே.